பொக்கை வாய்க்காரரின் மூளைப் படம்

“இது என் மூளை இல்லம்மா.”

பெரியவர் பேச்சை இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம் இல்லை, பெயர் இல்லை. படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள், கக்கத்தில் இடுக்கியிருந்த பெரிய பழுப்பு உறையை எடுத்து மேசைமேல் போட்டார்.

எங்கள் துப்பறியும் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் வழக்கமாகப் புருஷனைக் காணோம் என்பார்கள், இல்லாவிட்டால் காரைக் காணோம் என்பார்கள். மூளை மாறிவிட்டது என்று வந்தவர் இவர்தான் முதல்.

“அங்கிள், கடைசியா எங்க கழட்டி வச்சீங்க?” என்றேன்.

“வாசு!” என்றார் குணேஸ்வரி அக்கா.

அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவர் என்னை அதட்டுவதில்லை. அக்கா பேர் பதிகிற அரசாங்க இலாகாவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். பிறப்புப் பத்திரத்தில் பொய் சொன்ன ஆயிரம் பேரைப் பிடித்த பிறகு, இதையே தனியாகச் செய்யலாமே என்று இந்தத் தொழிலுக்கு வந்தார். நான் பஸ் மினி என்கிற சின்ன பஸ்ஸில் பத்து வருடம் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்பதுதான் என்னிடம் இருந்த ஒரே தகுதி. அதற்கே அக்கா வேலை கொடுத்தார்.

1997 செப்டம்பர். பக்கத்து நாட்டுக் காட்டுத் தீயால் ஊரெல்லாம் புகைமூட்டம். காலை ஒன்பது மணிக்கே பொழுது சாய்ந்ததுபோல் இருந்தது. முகத்தில் பாதியை மூடிக்கொண்டு எதிரே வருகிற எல்லாருமே எனக்குத் திருடர்களாகத்தான் தெரிந்தார்கள்.

பெரியவர் முகமூடியைக் கழற்றினார். “நாச்சியப்பன். அடைக்கப்பன் மகன். வயசு எழுபத்து மூணு. வீடு ரெண்டு தெரு தள்ளி. நானும் என் மகனும் மட்டும்தான். மருமக அழகம்மை தவறி ரெண்டு வருஷமாச்சு.”

“முறுக்கு எடுத்துக்குங்க அங்கிள்.” தட்டை நீட்டினேன்.

அவர் வாயை அகலத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பல்கூட இல்லை. “பல் செட்டு சட்டைப் பைல இருக்கு தம்பி. போட்டா ஈறு வலிக்குது. நீங்க சாப்பிடுங்க.”

கதையை அவர் அடுக்கடுக்காகச் சொன்னார். நாலைந்து மாதமாக வீட்டில் கேஸ் அடுப்பு திறந்தே கிடக்கிறது. வாசல் கேட்டு பூட்டாமல் கிடக்கிறது. குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்பாவுக்கு மறதி என்று மகன் முடிவு செய்தார். பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் மறதியைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே கொண்டுபோய்ப் படம் எடுத்தார். மூளையின் நரம்பு இழைகள் கெட்டுவிட்டன, தனியே விடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நாளை காலை பத்து மணிக்கு அம்பாங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

“போனா திரும்பி வர மாட்டேன்மா. அங்க கதவுக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பா. நானே பார்த்துட்டு வந்தேன்.” மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டார். “எனக்கு மறதி இல்ல. போன ஞாயித்துக்கிழமை கேஸைத் திறந்து விட்டேன்னு அவன் சொல்றான். அன்னிக்குப் பூரா நான் கோயில்ல. பண்டாரத்தைக் கேளுங்க. இன்னிக்கும் ஆறு மணிக்கே கிளம்பிட்டேன். அடுப்பைத் தொடவே இல்ல, தெருமுனை ஒட்டுக்கடையிலதான் டீ குடிச்சேன்.”

அக்கா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சாம்பல் நிறத்தில் வரிசையாக மண்டைகள். மூலையில் இரண்டெழுத்து: என்.ஏ.

“பேர் எங்க?” என்றார்.

“ஆராய்ச்சியாம். பேரு, வயசு எதுவும் போட மாட்டாங்களாம். வெறும் எழுத்துத்தான்.”

“நாச்சியப்பன், அடைக்கப்பன் மகன். என்.ஏ. சரியாத்தானே இருக்கு,” என்றேன் நான்.

அக்காவும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காகப் பிறகு அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

“இந்த உறையை யார் வாங்கிட்டு வந்தது?”

“என் மகன்தான்.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். கிழவரை வெளியேற்றிவிட்டால் வீடு மகனுக்கு. இதற்குத் துப்பறிவாளர் எதற்கு, பஸ் மினி கண்டக்டரே போதும்.

“நீங்க வீட்டுக்குப் போகாதீங்க. சாயந்தரம் வரைக்கும் இங்கயே இருங்க,” என்றார் அக்கா.

---

மருத்துவமனையின் அடித்தளத்தில் ரமணி என்ற பெண் அந்த மெஷினைப் பார்த்துக்கொள்கிறார். முப்பது வயதிருக்கும். உறையைக் கண்டதும் முகம் இறுகியது.

“டாக்டர் வெளியூர் போயிருக்கார். நான் ஒண்ணும் சொல்லக்கூடாது.”

“சொல்ல வேண்டாம்மா. எனக்குப் புரியிற மாதிரி விளக்கினாப் போதும்,” என்றார் அக்கா. இருபத்திரண்டு வருடம் கவுண்டரில் உட்கார்ந்த குரல் அது. யாரும் மறுத்துப் பேசியதில்லை.

ரமணி பெருமூச்சு விட்டார். “மூளைக்குள்ள தண்ணி இருக்கு...”

“எல்லாருக்குமா, இல்ல சில பேருக்கு மட்டுமா மிஸ்?” என்றேன் நான்.

“உங்களுக்குக்கூட,” என்றார் ரமணி. “அந்தத் தண்ணி சும்மா இருக்காது, அசைஞ்சுக்கிட்டே இருக்கும். நரம்பு இழை கட்டுக்கட்டா ஒழுங்கா இருந்தா அது இழையோட நீளத்துலதான் அசைய முடியும். இழை சிதைஞ்சு போச்சுன்னா நாலா பக்கமும் அசையும். இந்த மெஷின் அந்த அசைவைத்தான் அளக்குது. டிஃப்யூஷன்னு பேரு. மண்டையைத் திறக்காமலே உள்ள இழை எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்.”

“பஸ் மினி மாதிரி,” என்றேன். “ரெண்டு பக்கமும் சீட் இருந்தா நிக்கிறவன் முன்னால போவான், பின்னால போவான், வேற எங்கயும் போக முடியாது. சீட்டைப் பிடுங்கிட்டா எல்லாப் பக்கமும் சாய்வான்.”

ரமணி முதன்முறையாக என்னை மனிதனாகப் பார்த்தார். “அதேதான். வெள்ளையா இருக்கிற இடத்துல சீட் இருக்கு. கறுத்துப் போன இடத்துல இல்ல. இந்தப் படத்துல...” குரல் தாழ்ந்தது. “பாதி சீட் இல்ல. பாவம்.”

அக்காவின் விரல் படத்தின் முன்பக்கத்துக்குப் போனது. நெற்றிக்குக் கீழே, யாரோ ரொட்டியைக் கடித்தெடுத்ததுபோல் ஒரு கறுப்புப் பள்ளம். “இது என்ன? இதுவும் வியாதியா?”

“இல்ல, இல்ல. அது பல்லு. வாயில கழட்ட முடியாத உலோகம் இருந்தா இந்த மாதிரி படம் எடுக்கிறப்ப அப்படிக் கடிச்சிடும். பல்லுக்குப் போட்ட மூடியோ கம்பியோ...”

எனக்கு முறுக்குத் தட்டும் அகலத் திறந்த அந்த வெறும் வாயும் நினைவுக்கு வந்தன.

“நாச்சியப்பன் ஐயாவோட பல் செட்டு?” என்றார் அக்கா மெதுவாக.

“நான்தானே கழட்டிக் கப்புல போட்டு வச்சேன். அவருக்கு வாயில ஒரு பல்லும்...” ரமணி நிறுத்தினார். கை தானாக வாயை மூடியது.

“அப்போ இது அவர் மண்டை இல்ல. சரி. அன்னிக்கு வேற யாருக்குப் படம் எடுத்தீங்க?”

“அவரோட மகனுக்கு மட்டும்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டுல நல்லா இருக்கிற ஒருத்தரையும் எடுப்போம். ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு. அவரே விரும்பித்தான் வந்தாரு. உறையையும் அவர் கைலதான் கொடுத்தேன்.”

“ரெண்டு உறையுமா?” என்றேன்.

“ரெண்டும்தான்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஃபெடரல் ஹைவேயில் முன்னால் போகிற லோரியின் பின்விளக்கைத் தவிர ஒன்றும் தெரியாத புகையில், அக்காவின் சின்னக் காரான கஞ்சிலை, மகன் அச்சகம் வைத்திருக்கிற கிள்ளானை நோக்கி விட்டேன்.

“மகன் படத்தை மாத்திட்டான் அக்கா. கேஸ் முடிஞ்சது லா.”

“தன் மண்டைப் படத்தை அப்பா உறையில போட்டான்னா, கெட்டுப் போன மண்டை யாருடையது வாசு?”

“வேற எவன்கிட்டயாவது வாங்கிப் போட்டிருப்பான். கில்லாடிப் பய.”

அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். புகையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

---

கிள்ளானில் துணிக்கடைகளுக்கும் பூமாலைக் கடைகளுக்கும் நடுவே ஒரு சின்ன அச்சகம். கல்யாணக் கார்டு அடிப்பார்கள், ரப்பர் ஸ்டாம்பு செய்வார்கள். பலகையில் ‘என். அடைக்கப்பன்’ என்று எழுதியிருந்தது.

உள்ளே நுழையும்போதே சத்தம். இராஜம்மா என்ற அம்மாள் கார்டுக் கட்டை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். “மாப்பிள்ளை பேர் இருக்கிற இடத்துல மாமனார் பேரை அடிச்சு வச்சிருக்கீங்களே, என் மகளை யாருக்கு கட்டிக் கொடுக்கறது? இது ரெண்டாவது தடவை பாஸ்!”

“மாத்திக் கொடுத்திடுறேன் அக்கா, மன்னிச்சிடுங்க,” என்றார் கடைக்காரர். நாற்பத்தாறு வயது, மடிப்புக் கலையாத சட்டை. அந்த அம்மாள் போனதும் எங்களைப் பார்த்துச் சிரித்தார். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு உலோகத்தில் பளிச்சிட்டன.

நான் அக்காவின் காலை மிதித்தேன். அக்கா திரும்பி என் காலை மிதித்தார்.

எங்கள் அலுவலகக் கார்டைக் கொடுத்து, அப்பா வந்திருக்கிறார் என்று சொன்னதும் அடைக்கப்பன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “உங்ககிட்டயா வந்தாரு? நல்லவேளை. அப்பச்சி எங்கயாவது வழி தவறிட்டாரோன்னு...” பிறகு உள்ளே திரும்பி, “மூணு டீ சொல்லுங்கப்பா,” என்றார்.

“அழகான பல்லு,” என்றேன்.

“இதுவா? பத்தொன்பது வயசுல காப்பார் ரோட்டுல மோட்டார் சைக்கிள்ல விழுந்தேன். அப்பச்சிதான் என்னைத் தோள்ல தூக்கிட்டு ஓடினாரு.” மறுபடி சிரித்தார். “உங்க பேரு என்ன சொன்னீங்க?”

“வாசு.”

மேசையெங்கும் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தார். ‘சாவி இடது பை.’ ‘கார் வங்கிக்குப் பின்னால்.’ ‘வெள்ளி, அப்பச்சி, அம்பாங், பத்து.’ நாளைய நாள் அது. திட்டம் போட்டுக் காரியம் செய்கிறவன் என்று நினைத்துக்கொண்டேன்.

டீ வந்தது. குடித்துக்கொண்டே அக்கா கேட்டார். “போன ஞாயித்துக்கிழமை கேஸைத் திறந்து விட்டது உங்க அப்பாதானா?”

“வேற யாரு? வீட்டுல நாங்க ரெண்டு பேர்தானே.”

“அன்னிக்கு அவர் பூரா நாளும் கோயில்ல.”

“அப்படியா?” நெற்றியைத் தேய்த்தார். “இன்னிக்குக்கூடப் பாருங்க. ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு வள்ளியம்மா போன் பண்றாங்க, கேஸ் வாடைன்னு. அவங்கதான் பின்பக்கமாப் போய் மூடினாங்க. அப்பச்சி திறந்துட்டு மறந்திருக்காரு.”

“நீங்க எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீங்க?”

“எட்டு.”

பிடித்துவிட்டோம்! கிழவர் ஆறு மணிக்கே போய்விட்டார். அடுப்பைத் தொடவில்லை. எட்டு மணி வரைக்கும் வீட்டில் இருந்தது இந்த ஆள் மட்டும்தான். தானே கேஸைத் திறந்துவிட்டு அப்பா தலையில் போடுகிறான். வீடே வெடித்தாலும் பரவாயில்லை என்கிற நெஞ்சு! எனக்கு ரத்தம் கொதித்தது.

“உறையில இருந்த படத்தை மாத்தினது நீங்கதானே?” என்று கேட்டே விட்டேன்.

அவர் கண்கள் கலங்கின. நான் எதிர்பார்த்தது கோபத்தை.

“என்ன படம்? நான் எதை மாத்தினேன்? அண்ணே, அம்பாங்குக்கு அனுப்ப எனக்கு ஆசைன்னு நினைக்கிறீங்களா? நான் இங்க கிள்ளான்ல இருக்கேன். வீடு பத்திக்கிட்டா யாரு ஓடி வருவா? ராத்திரி எல்லாம் தூக்கம் இல்ல. அவர் எனக்கு அப்பன் மட்டுமில்ல, அழகம்மை போன பிறகு எனக்குன்னு இருக்கிறதே அவர்தான்.” முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். “இவங்களுக்கு மூணு டீ சொல்லுங்கப்பா! வந்ததிலிருந்து ஒண்ணும் குடிக்கல.”

எங்கள் முன்னால் காலி டம்ளர்கள் இருந்தன. இன்னொரு டீ கிடைக்கிறதே என்று நான் மனசுக்குள் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“உங்க பேரு என்ன சொன்னீங்க?” என்றார் என்னிடம்.

அக்கா டம்ளரைத் தள்ளி வைத்தார். மேசை ஓரத்தில் கிடந்த ஒரு சின்ன ஸ்டாம்பைக் கையில் எடுத்துத் திருப்பினார். அச்சடித்ததைச் சரிபார்த்தபின் அடைக்கப்பன் தன் அடையாளமாகக் குத்துகிற ஸ்டாம்பு அது. ரப்பரில் இரண்டெழுத்து.

“ஏ.என்.,” என்று வாசித்தார் அக்கா. “உங்க அப்பாவோடதா?”

“இல்லம்மா, என்னோடது. ரப்பர்ல இடம் வலம் மாறித்தான் இருக்கும். குத்திப் பாருங்க.”

அக்கா ஒரு காகிதத்தில் குத்தினார். என்.ஏ.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் அதுவரை பார்த்திராத முகம் அது.

“அப்பா பேருக்கு ஸ்டாம்பு செஞ்சா எப்படிச் செய்வீங்க?”

“ஏ. நாச்சியப்பன். ஏ.என். நம்ம ஆளுங்களுக்கு அப்பா பேர்தானேம்மா முன்னால. எங்க ஐயா, அதாவது அப்பச்சியோட அப்பா, அவர் பேருதான் எனக்கு, அதனால அப்படியே திருப்பிப் போட்டா நான். ஸ்டாம்பு மாதிரி.” வெள்ளந்தியாகச் சிரித்தார். உலோகப் பற்கள் மின்னின.

---

வெளியே வந்ததும் அக்கா நேரே பொதுத் தொலைபேசிக்குப் போய் ரமணியைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“மெஷின்ல எழுத்துப் போட்டது யாரும்மா? நீங்களா? அப்பாவுக்கு ஏ.என்., மகனுக்கு என்.ஏ. ஆமா, நம்ம முறை. ரிப்போர்ட் எழுதினது யார்? வெள்ளைக்கார டாக்டர். அவர்கிட்ட இருந்த பட்டியல்ல முழுப் பேரு, நாச்சியப்பன் அடைக்கப்பன். அவங்க முறைக்கு சொந்தப் பேர் முதல்ல... ஆமா. அவர் என்.ஏ. படத்தை எடுத்து நோயாளின்னு எழுதிட்டார். அப்போ அந்த ஏ.என். படம் நல்லா இருக்கா? சரிம்மா.”

போனை வைத்தார்.

“யாரும் படத்தை மாத்தல வாசு. அந்தப் பெண்ணும் சரியாத்தான் எழுதினா, டாக்டரும் சரியாத்தான் எழுதினார். டாக்டர் உறையில போட்டதுன்னு அவளும் திரும்ப எழுத்தைப் பார்க்கல. இருபத்திரண்டு வருஷம் இந்தப் பேர் சண்டையைத் தீர்த்து வச்சவ நான். காலையில அந்த எழுத்தைப் பார்த்துட்டுத் தலையாட்டினேனே!”

“அப்போ பாதி சீட் இல்லாத பஸ்...”

“ரெண்டாவது டீ குடிச்சியா?” என்றார் அக்கா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடைக்கப்பன் என் பெயரை இரண்டு தடவை கேட்டது, காகிதத் துண்டுகள், மாப்பிள்ளை இடத்தில் மாமனார், எட்டு மணிக்குத் திறந்து கிடந்த கேஸ். நான் திருட்டு என்று பார்த்த ஒவ்வொன்றும் நோய். முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொள்கிற எனக்கு அது தெரியவில்லை.

---

நாங்கள் திரும்பியபோது மணி ஐந்து. பெரியவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அலமாரியிலிருந்த கோப்புகளையெல்லாம் பெயர் வாரியாக அடுக்கி வைத்திருந்தார். மூன்று வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த கோப்பு ஒன்று மேலாக இருந்தது.

“ஐயா, நீங்க சொன்னது உண்மை. அது உங்க படம் இல்ல. உங்க மூளை நல்லாயிருக்கு,” என்றார் அக்கா. “நாளைக்கு நீங்க அம்பாங் போக வேண்டியதில்ல.”

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். முகம் மலர்ந்தது. “நான் சொன்னேன்ல!” என்றவர் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “அப்போ இது யாரோடது?”

அக்கா படத்தை வாங்கக் கை நீட்டினார். பெரியவர் கொடுக்கவில்லை.

அவர் கண்கள் படத்தின் முன்பக்கத்தில் அந்தக் கறுப்புக் கடியில் நின்றன. “இந்தக் குழி?”

“கழட்ட முடியாத உலோகப் பல்லு ஐயா.”

மூளை நன்றாக இருப்பது சில நேரம் எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்குப் பார்த்தேன். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரு கையால் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

“காப்பார் ரோட்டுல விழுந்தான்,” என்றார். “சட்டையெல்லாம் ரத்தம். தோள்ல தூக்கிட்டு ஓடினேன். ரெண்டு பல்லோட போச்சேன்னு அன்னிக்கு முருகனுக்குத் தேங்காய் உடைச்சேன்.” படத்தை மெதுவாக உறைக்குள் போட்டு, மடித்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டார். “எனக்கு வந்திருக்கக்கூடாதாம்மா?”

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “வைத்தியம் பார்க்கலாம் ஐயா. சீக்கிரம் காட்டணும். அவர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்.”

“டாக்டர் சொல்லட்டும். நாளைக்கு அவன் காரைக் கொண்டு வருவான். நான் பெட்டியோட ஏறிக்கிறேன். அம்பாங் வேண்டாம், முதல்ல ஆஸ்பத்திரிக்கு விடுன்னு சொல்றேன். நான் அவனைக் கூட்டிட்டுப் போறேன்னு தெரிஞ்சா பயந்துடுவான். அவன் என்னைக் கூட்டிட்டுப் போறதாவே இருக்கட்டும்.”

போன் அடித்தது. எடுத்தேன்.

“ஹலோ, உங்க கார்டு என் மேசைமேல கிடக்குது. யார் கொடுத்தாங்கன்னு தெரியல.” அடைக்கப்பனின் குரல் பதறியது. “நீங்க ஆளைத் தேடித் தருவீங்களா? எங்க அப்பச்சியக் காணோம். அவருக்கு மறதி.”

போனைப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, “ஹலோ,” என்றார்.

“அப்பச்சி! எங்க போனீங்க? காலையில கேஸையும் திறந்து விட்டுட்டு!”

மறுமுனையின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பெரியவர் உறையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஆமாப்பா,” என்றார். “நான்தான். மறந்துட்டேன்.”